அமுக்காத பொத்தான்

கம்ப்யூட்டரின் நெற்றியில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் மட்டும் நேற்று வைத்தபடியே பளிச்சென்று இருந்தது. நௌஷீன் அதில் விரல் படாமல் மானிட்டரின் பொத்தானைத் தட்டினாள்.

நீலத் திரை வந்தது. நேற்று என்னை முறைப்படி அணைக்கவில்லை, எனவே டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் புகார் சொன்னது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கரண்ட் போவதும் வருவதும் ஒரு செய்தியே இல்லை.

சோதனை முடிந்ததும் மெயில் புரோகிராமைத் திறந்தாள்.

இடது பக்கம் ஃபோல்டர்கள் ஒழுங்காக நின்றன. ஜெர்மனி. இத்தாலி. ஷிப்பிங். பேங்க். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே எண்.

பூஜ்யம்.

திரையின் நடுவில் ஒரு சின்னச் சாம்பல் நிறப் பெட்டி முளைத்திருந்தது. 'முந்தைய மாற்றம் முழுமையடையவில்லை. பழைய கோப்புகளை நீக்கிச் சுத்தம் செய்யலாமா?' கீழே இரண்டு பொத்தான்கள். யெஸ், நோ.

நௌஷீன் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போல எடுத்தாள்.

அந்தக் கம்பெனி வால்வுகளுக்கான இரும்பு வார்ப்படங்களைச் செய்து ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த முறை இரண்டு லாட் வார்த்திருந்தார்கள். இரண்டிலிருந்தும் மாதிரிகள் ஜெர்மனிக்குப் போயிருந்தன. அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எந்த லாட் தேறியது என்று சொல்வார்கள். தேறிய லாட்டைப் பெட்டிகளில் அடைத்து, இன்றைக்குக் கன்டெய்னரில் ஏற்றி, சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். கப்பல் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது.

முடிவு நேற்று காலையிலேயே மெயிலில் வந்துவிட்டது. நௌஷீன் பார்த்தாள். 'விவரம் இணைப்பில்' என்று ஒரே வரி. இணைப்பைத் திறப்பதற்குள் மேனேஜர் வரதன் ஷாப் ஃப்ளோரிலிருந்து குரல் கொடுத்தார். "வந்துட்டுதா? சரி, பூஜை முடியட்டும். அப்புறமா பிரிண்ட் எடுத்துக்கினு வா."

பூஜை முடிந்தது. பிரிண்ட் எடுக்கப்படவில்லை. இப்போது மெயிலே இல்லை.

ஜெர்மனிக்குப் போன் போட்டுக் கேட்கலாம்தான். ஆனால் அங்கே வெள்ளிக்கிழமை தேசிய விடுமுறை. அதை ஒட்டிச் சனி, ஞாயிறு. வியாழன் சாயங்காலமே மெயிலை அனுப்பிய கையோடு அந்த மனுஷன் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போயிருப்பார். சர்வரிலும் பிரதி கிடையாது. தபால் பெட்டி சின்னது, குப்பை மெயில்கள் வந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், இறக்கியவுடன் அங்கே அழித்துவிடும்படி வைத்திருந்தார்கள்.

குப்பை மெயில்தான் இத்தனைக்கும் ஆரம்பம்.

ஆயுத பூஜைக்கு முன் எல்லாக் கம்பெனியிலும் நடப்பது இங்கேயும் நடந்தது. அரசாங்க விடுமுறை சனிக்கிழமை என்பதால் வெள்ளிக்கிழமையே பூஜை. லேத்தை மண்ணெண்ணெயில் கழுவினார்கள். ட்ரில்லிங் மெஷினுக்கு எண்ணெய் போட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட்டைக் குளிப்பாட்டினார்கள். "அவங்கவங்க மெஷினை அவங்கவங்க கிளீன் பண்ணணும். பழசு, குப்பை ஒண்ணும் இருக்கக் கூடாது" என்று வரதன் உத்தரவு போட்டார்.

நௌஷீனின் மெஷின் கம்ப்யூட்டர். வெளியே துடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளேதான் அழுக்கு. தினமும் நூற்றுக்கணக்கில் லாட்டரிப் பரிசும், மருந்து மாத்திரையும், வைரஸும் டெலிபோன் லைன் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கும். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இதே மெயில் புரோகிராமின் புதுப் பதிப்பு இருந்தது. குப்பையைத் தானே பிரித்துவிடுமாம். பெயருக்குப் பின்னால் 'பீட்டா' என்று போட்டிருந்தது. அதாவது இன்னும் வெள்ளோட்டத்தில் இருக்கிறது, நீங்களே ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்று அர்த்தம்.

போட்டாள். 'பழைய மெயில்களைப் புது முறைக்கு மாற்றுகிறேன், காத்திருக்கவும்' என்றது. நீலப் பட்டை ஆமை வேகத்தில் நகர்ந்தது. அதற்குள் பொரி பொட்டலம் கட்டக் கூப்பிட்டார்கள். போனாள். திரும்பி வந்தபோது திரை இருட்டாக இருந்தது, நெற்றியில் சந்தனமும் வைத்தாகிவிட்டது. வேலை முடிந்து யாரோ அணைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. தொடாமல் பழவேற்காடு பஸ்ஸைப் பிடித்தாள்.

அவளுக்கு இது ஆறாவது மாதம். திங்கட்கிழமை முதலாளி சென்னையிலிருந்து வந்து, வேலையை நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார். அவளுடைய வாப்பா அப்துல் கனி பழவேற்காட்டில் கருவாட்டு மண்டி வைத்திருப்பவர். நிரந்தரமானால் போய் வா, இல்லையென்றால் வீட்டோடு இரு என்று அவரும் தன் பங்குக்கு முடிவு செய்திருந்தார். திங்கட்கிழமைக்கு இரண்டு நீதிபதிகள்.

கதவு திறந்தது.

வரதன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். இட்லி வாசனை கூடவே வந்தது. "இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா? அந்த ரிப்போர்ட்டு எடுத்தியா?"

"சார், மெயில் காணோம்."

"எந்த மெயிலு?"

"எல்லா மெயிலும் சார்."

வரதனுக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைத்தால்தான் யோசிக்க முடியும். கண்ணைச் சுருக்கினார். "பூவராகவன்."

பூவராகவன் இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு அடுத்த தெருப் போட்டிக் கம்பெனிக்குப் போனவர்.

"அவன்தான். சந்தேகமே இல்ல. பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும்."

"அவர் போன அன்னிக்கே மாத்திட்டேன் சார்."

"இன்னான்னு மாத்துன?"

"உங்க பேரு சார்."

"அதைக் கண்டுபுடிக்க அவனுக்கு எம்மாம் நேரம் ஆவும்?"

"சார், பூவராகவன் சாரு இல்ல. நேத்து நான்தான் புது வெர்ஷன் போட்டேன்."

வரதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாரைக் கேட்டுப் போட்ட?"

"நீங்கதான் சார் கிளீன் பண்ணச் சொன்னீங்க."

"தொடைக்கச் சொன்னேம்மா! துணி எடுத்துத் தொடைக்கச் சொன்னேன்!"

நௌஷீன் மேஜை ஓரத்தில் கிடந்த துடைக்கும் துணியை டிராயருக்குள் தள்ளினாள்.

"இதப் பாரு." வரதனின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் ஆபத்து என்று ஆபீஸுக்கே தெரியும். "திங்கக்கெழம மொதலாளி வராரு. அந்த ரிப்போர்ட்டு இல்லாம லோடு மாறிப் போச்சுன்னா, நானே உன்னக் கூட்டிக்கினு போயி அவரு ரூம்ல நிறுத்துவேன். அதுக்கப்பறம் பழவேற்காட்டுக்கு ஒரு வழி டிக்கெட்டுதான். புரியுதா?"

"புரியுது சார்."

அப்போதுதான் அவர் திரையைப் பார்த்தார். சாம்பல் பெட்டியைப் படித்தார். முகம் தெளிந்தது. "அட, அதுவே கேக்குதே! சுத்தம் பண்ணலாமான்னு கேக்குது. பண்ணட்டும். யெஸ் போடு."

"வேணாம் சார். எதைச் சுத்தம் பண்ணும்னு தெரியல."

"குப்பையைத்தான். வேற எத்த? தள்ளு."

அவர் கை மவுஸை நோக்கி நீண்டது. நௌஷீன் யோசிக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் குனிந்து, மவுஸின் வயரைப் பிடுங்கினாள். கீபோர்டு வயரையும் பிடுங்கினாள். மவுஸைச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

வரதன் வெறும் மேஜையைப் பார்த்தார். இருபது வருட சர்வீஸில் அவரிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கியதில்லை.

"ரகுவைக் கூப்பிடலாம் சார்" என்றாள் அவள். அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. "அவர் வந்து பார்க்கட்டும். அப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் சரி."

ரகு கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். திருநின்றவூரில் வீடு. சிப்காட்டில் நாலைந்து கம்பெனிகளுக்கு அவன்தான். வரதன் போனில் விஷயத்தைச் சொன்னதும் அவன் முதலில் கேட்டது பெட்டியைப் பற்றித்தான்.

"சார், அந்தப் பெட்டி இன்னும் ஸ்கிரீன்ல நிக்குதா?"

"நிக்குது."

"யாரும் தொடாதீங்க. கெளம்பிட்டேன்."

திருநின்றவூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைபடத்தில் பக்கம். ரயிலில் வர வேண்டுமானால் ஊருக்குள் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து மறுபடி வடக்கே வர வேண்டும். விடுமுறை நாளில் வண்டியும் குறைவு.

நௌஷீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வரதன் உள்ளே வந்தார், வெளியே போனார், உள்ளே வந்தார். ஒவ்வொரு முறையும் திரையை ஒரு பார்வை, கைப்பையை ஒரு பார்வை. யெஸ், நோ இரண்டும் அசையாமல் காத்திருந்தன.

முதலில் வந்தது ரகு அல்ல, டிரெய்லர்.

முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டுக்கொண்டு, டிரெய்லர் கேட்டுக்குள் நுழைந்தது. ஓட்டி வந்த தணிகாசலம் ஆரம்பாக்கத்துக்காரர். இறங்கியதும் துண்டை உதறினார்.

"இன்னா சார், லோடு ரெடியா? ஹார்பர்ல வண்டிங்க க்யூ கட்டிக்கினு நிக்குது. பண்டிகை நாளு, சாயங்காலத்துக்கு மேல ஒருத்தனும் உள்ள உட மாட்டான்."

"கொஞ்சம் பொறுய்யா."

"நான் பொறுப்பேன் சார். கப்பல் பொறுக்குமா?"

வரதன் கெடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டேஷன் பக்கமாகத் தலையைத் திருப்பினார். பிறகு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "மொதல் லாட்டை ஏத்து."

நௌஷீன் ஜன்னலில் இருந்து கேட்டாள். வெளியே வர அவளுக்கு இஷ்டமில்லை, திரையை விட்டு நகர வேண்டியிருக்கும். ஜன்னல் வழியாகவே சொன்னாள். "சார், அது தேறாத லாட்டா இருந்தா?"

"தேறுன லாட்டா இருந்தா? பாதிக்குப் பாதி சான்ஸு இருக்குல்ல?"

"கெட்ட லாட்டு போச்சுன்னா பெட்டி திரும்பி வராது சார். ஆர்டர்தான் திரும்பிப் போவும்."

"அதை மொதலாளிகிட்ட நீ சொல்லிக்கோ" என்றார் வரதன். ஃபோர்க்லிஃப்ட் முதல் பெட்டியைத் தூக்கிக் கன்டெய்னருக்குள் நுழைந்தது. திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கியது.

ரகு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பையைக் கீழே வைத்தான். தண்ணீர்கூடக் கேட்காமல் திரையைப் படித்தான். நிமிர்ந்து, "இதை அமுக்காம வச்சிருந்தது யாரு?" என்றான்.

நௌஷீன் வகுப்பில் தூக்குவது போல் கையைத் தூக்கினாள்.

"நல்லது மேடம். மவுஸ் எங்க?"

அவள் ஜிப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். ரகு ஒரு கணம் கைப்பையைப் பார்த்தான். மவுஸைச் செருகினான். திரையில் அம்பு அசையவில்லை. கீபோர்டைச் செருகினான். அதுவும் செத்துக் கிடந்தது.

"ஓடும்போது புடுங்குனா இந்த மாடலு மறுபடி சேத்துக்காது. பரவால்ல, அதுவும் நல்லதுதான்."

வரதன் பின்னால் வந்து நின்றார். "யெஸ் அமுக்குனா இன்னா ஆயிருக்கும்?"

"பழைய மெயில் ஃபைலை அழிச்சிருக்கும் சார். அதைத்தான் அது குப்பைன்னு சொல்லுது. புது ஃபைலு பாதிதான் எழுதியிருக்கு. பழசும் போயி, புதுசும் பாதியில நின்னு, மொத்தமா பேஜாராயிருக்கும்."

வரதன் தன் ஆள்காட்டி விரலை மற்றக் கைக்குள் மூடிக்கொண்டார். "அப்போ நோ?"

"அது எனக்குத் தெரியாது சார். எழுதினவனுக்கே தெரியாது. அதனாலதான் பீட்டான்னு பேரு வச்சிருக்கான்."

ரகு மேஜைக்குப் பின்னால் பார்த்தான். வயர் சுவருக்குள் போனது. "இதுக்குக் கரண்ட்டு எங்கேருந்து வருது?"

"பேனல் ரூம் யு.பி.எஸ்."

"அங்கேருந்தே நிறுத்தணும். பட்டென்னு. ஒழுங்கா மூடச் சொன்னா, போற போக்குல எதையாவது எழுதிட்டுப் போவும். அதுக்கு டைமே குடுக்கக் கூடாது. யாரு நிறுத்துவாங்க?"

எலெக்ட்ரீஷியன் ஆசீர்வாதம் வாசலிலேயே நின்றிருந்தார். இந்தக் கம்பெனியில் கரண்ட் அவர் கை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெயினை இறக்கி, மெஷின்களுக்குப் பொட்டு வைப்பதும் அவர் கைதான். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மைக் செட் கட்டுவார், இங்கே கற்பூரத்துக்கு லைட்டை நிறுத்துவார். இரண்டையும் ஒரே சிரத்தையோடு செய்வார். இப்போது தலையை ஆட்டினார்.

"வேணாம்ப்பா. இன்னொரு தபா என் கையால வேணாம்."

ரகு திரும்பினான். "இன்னொரு தபாவா? மொத தபா எப்போண்ணே?"



"நேத்துதான்" என்றார் ஆசீர்வாதம். "பூஜையில."

"மெயினை இறக்குனா யு.பி.எஸ். இருக்குமேண்ணே. கம்ப்யூட்டரு ஓடிக்கினுதான இருக்கும்?"

"அதான், யு.பி.எஸ்.ஸயும் நிறுத்திட்டேன். போன வருஷம் மெயினை இறக்கிட்டு சாரு கற்பூரம் காட்டிக்கினு இருக்காரு, அந்தச் சனியன் உள்ளேருந்து குய்யி குய்யின்னு கத்துது. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. சாரு என்னை வச்சு வாங்கிட்டாரு. இந்த வருஷம் ஒரு சின்ன சத்தம் வந்தாலும் உன் சீட்டைக் கிழிச்சுடுவேன்னாரு. அதான் மொதல்ல அத்த நிறுத்திட்டு, அப்பறம் மெயினு. நேத்து பூஜை எம்மாம் அமைதியா இருந்துச்சு, சாரே மெச்சிக்கினாரு." நௌஷீனைப் பார்த்தார். "கம்ப்யூட்டரு உள்ள வேலை நடந்துக்கினு இருக்குன்னு எனக்கு இன்னா தெரியும் பாப்பா? லைட்டு எரிஞ்சுது, நிறுத்தினேன், பொட்டு வச்சேன்."

மூன்று பேரும் வரதனைப் பார்த்தார்கள்.

வரதன் ஜன்னல் வழியாக டிரெய்லரைப் பார்த்தார்.

பூவராகவன் பெயர் அதற்குப் பிறகு அன்று யார் வாயிலும் வரவில்லை.

"அண்ணே, இங்க பாருங்க" என்றான் ரகு. "நேத்து அது எழுதிக்கினு இருந்துச்சு. பேனாவைப் புடுங்கின மாதிரி ஆயிடுச்சு. இப்போ அது ஒண்ணும் எழுதல, நம்ம பதிலுக்காக வாயப் பாத்துக்கினு நிக்குது. இப்போ நிறுத்தினா ஒரு கெடுதலும் இல்ல. நான் சொல்றேன், நிறுத்துங்க."

ஆசீர்வாதம் நௌஷீனைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு பேனல் ரூமுக்குப் போனார்.

திரை அணைந்தது. யெஸ்ஸும் நோவும் ஒன்றாகப் போயின.

அடுத்து நடந்தது ஆபரேஷன். ரகு கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்து, அடுத்த அறையில் இருந்த அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினான். கரண்ட் வந்ததும், மெயில் இருந்த ஃபோல்டரைத் தேடிப் பிடித்தான். திறக்கவில்லை. முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்தான்.

"ஒரிஜினலைத் தொட மாட்டேன். எது நடந்தாலும் நகல்ல நடக்கட்டும்."

நகல் ஆகிக்கொண்டே இருந்தது. வெளியே தணிகாசலம் ஹாரனை ஒரு முறை அடித்தார். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் நீளமாக.

ரகு பையிலிருந்து சி.டி. உறையை எடுத்து, மெயில் புரோகிராமின் பழைய பதிப்பை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டான். நகலை அதற்குக் காட்டினான். திறந்தான்.

ஜெர்மனி, பூஜ்யம். இத்தாலி, பூஜ்யம்.

"மறுபடியும் முட்டையா?" என்றார் வரதன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. "அவ்வளவுதான். போச்சு."

நௌஷீன் சுவரில் சாய்ந்துகொண்டாள். பழவேற்காடு பஸ்ஸில் ஜன்னலோர சீட் அவளுக்குப் பிடிக்கும். பொன்னேரி தாண்டினால் காற்று உப்பாகும். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த பஸ்ஸில் ஏற அவளுக்குக் காரணம் இருக்காது.

ரகு மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "ஃபைல் சைஸைப் பாருங்க மேடம். உள்ள ஒண்ணும் இல்லன்னா இவ்ளோ கனம் இருக்குமா?"

அவள் குனிந்து பார்த்தாள். மெயில் ஃபைல் குண்டாகத்தான் இருந்தது. பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்று, துக்கடாவாக.

"இது?"

"இது பொருளடக்கம். அது புஸ்தகம். பீட்டா வந்து பொருளடக்கத்துல பூஜ்யம்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கு. நம்மாளு, அதான் இந்தப் பழைய பதிப்பு, புஸ்தகத்தைப் புரட்டாம இதை மட்டும் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்றான்." துக்கடாவின் மேல் அம்பை வைத்தான். "இதை எடுத்துட்டா, வேற வழியில்லாம புஸ்தகத்தை மொதல்லேருந்து படிப்பான்."

"எடுத்துடலாமா?" என்றார் வரதன். அன்றைக்கு அவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் முறை. மற்றதெல்லாம் உத்தரவு.

"நகல்தான சார்."

எடுத்தான். புரோகிராமை மூடித் திறந்தான்.

நீலப் பட்டை நகர்ந்தது. நேற்று மாதிரியே, ஆமை வேகத்தில். பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது.

முதலில் வந்தது ஒரு லாட்டரிப் பரிசு. ஏதோ ஒரு நாட்டில் வரதனுக்குப் பல லட்சம் டாலர் விழுந்திருந்தது. அடுத்து உடம்பு இளைக்க மாத்திரை. அதற்கடுத்து, சொத்தில் பங்கு தருவதாக ஓர் இளவரசனின் விதவை. குப்பை மெயிலைப் பார்த்து நௌஷீனுக்கு அழுகை வந்தது அன்றுதான் முதலும் கடைசியும். பிறகு இத்தாலி, பேங்க், ஷிப்பிங் ஏஜென்ட். வருடக்கணக்கான மெயில்கள் மளமளவென்று இறங்கின.

கடைசியில், வெள்ளிக்கிழமை காலை இறங்கிய மெயில் வந்தது. 'விவரம் இணைப்பில்.'

நௌஷீனே மவுஸை வாங்கித் திறந்தாள். எக்ஸ்ரே படங்கள். ஒரு பட்டியல். கீழே இரண்டு வரி. முதல் லாட்டில் உட்புறம் காற்றுக் கொப்புளங்கள் உள்ளன, ஏற்க இயலாது. இரண்டாவது லாட்டை மட்டும் அனுப்பவும்.

அவள் சத்தமாகப் படித்து முடிப்பதற்குள் வரதன் அறையில் இல்லை. முற்றத்தில் அவர் குரல் கேட்டது. "நிறுத்து! நிறுத்துடா! எறக்கு! எல்லாத்தையும் எறக்கு!"

"இன்னா சார் வெளயாட்றீங்களா?" என்றார் தணிகாசலம். "ஏத்துன்றீங்க, எறக்குன்றீங்க. இது இன்னா டிரெய்லரா, ஊஞ்சலா?"

"ரெண்டாவது லாட்டு, நைனா. ரெண்டாவது லாட்டு." ஒரு டிரைவரை வரதன் நைனா, அதாவது அப்பா, என்று கெஞ்சியதை வாட்ச்மேன் பிற்பாடு பலரிடம் சொன்னார்.

பெட்டிகள் இறங்கின. பெட்டிகள் ஏறின. டிரெய்லர் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. வெயில் தாழ்ந்திருந்தது, ஆனால் நேரம் இருந்தது.

வரதனின் செல்போன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று எடுத்தார். முதலாளி.

"வணக்கம் சார்… போயிடுச்சு சார். ரெண்டாவது லாட்டு… இல்ல சார், கொஞ்சம் லேட்டு. மெயில்ல ஒரு டெக்னிகல் பிராப்ளம்."

நௌஷீன் ரகுவுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"யாரு பண்ணதுன்னு சொல்ல முடியாது சார். பூஜை சமயத்துல கரண்ட்டு போச்சு…" வரதன் ஆசீர்வாதத்தைப் பார்த்தார். ஆசீர்வாதம் கூரையைப் பார்த்தார். "ஆமா சார், மெஷினு. மெஷினுன்னா அப்டித்தான். ஆனா ஒண்ணு சார், காலையில பாத்த உடனே நான் சொல்லிட்டேன். ஒருத்தரும் அந்தப் பட்டனை அமுக்கக் கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லி, மவுஸையே கழட்டி வைக்கச் சொல்லிட்டேன். அமுக்கியிருந்தா மொத்தமும் போயிருக்கும் சார்… தேங்க்யூ சார்… இல்ல சார், நம்ம டியூட்டிதான."

ரகு வாயைத் திறந்தான். நௌஷீன் டீ கிளாஸை அவன் கையில் திணித்தாள். "சூடா இருக்கு. குடிங்க" என்றாள்.

அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. வரதன் சொன்ன கதையில் ஒரு புத்திசாலி இருந்தார். குற்றவாளி இல்லை. யு.பி.எஸ். இல்லை, பீட்டா இல்லை, பொரி பொட்டலம் கட்டப் போன பெண் இல்லை. அந்தக் கதை திங்கட்கிழமை வரை உடையாமல் இருக்க வேண்டும். உடையாமல் பார்த்துக்கொள்ள வரதனை விட அக்கறையுள்ள ஆள் சிப்காட்டில் கிடையாது.

"பொண்ணா?" என்றார் வரதன் போனில். அவளைப் பார்க்காமல் பேசினார். "நல்ல பொண்ணு சார். சொன்னதைச் செய்யிது. கன்ஃபர்ம் பண்ணிடலாம்."

போனை வைத்தார். ஜன்னலுக்குப் போய் வெளியே எச்சரிக்கையாகப் பார்த்துவிட்டு வந்தார். "திங்கக்கெழம மொதலாளி கையெழுத்துப் போடுவாரு. உன் கன்ஃபர்மேஷன் ஆர்டரை டைப் பண்ணி பேப்பர்ல குடு. மெயில்ல அனுப்பாத."

"சரி சார்."

"அடுத்த வருஷம் பூஜைக்கு சார்?" என்று ஆசீர்வாதம் ஆரம்பித்தார்.

"அது கத்தினா கத்திட்டுப் போவுதுய்யா. விடு."

ரகு டிஸ்க்கைப் பழைய இடத்தில் மாட்டி, மூடியை முடுக்கினான். மவுஸும் கீபோர்டும் இந்த முறை உயிரோடு எழுந்தன. பீட்டாவைத் தூக்கும் வேலையை நௌஷீனிடமே விட்டான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நெற்றிக் குங்குமம் இன்னும் உதிரவில்லை.

திரையின் நடுவில் மறுபடி ஒரு சாம்பல் பெட்டி முளைத்தது. 'இந்தப் புரோகிராமை முழுமையாக நீக்கலாமா?' யெஸ், நோ.

நௌஷீன் ரகுவைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. திரும்பி, "அமுக்கட்டுமா சார்?" என்றாள்.

வரதன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னைக் கேக்காதம்மா" என்றார்.